எட்டு வயதுப் பிள்ளைக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ்: பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், எடையும் குறைந்தது. எக்ஸ்ரே, மேண்டூ டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சொல்லி அரசு மருத்துவமனையில் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஆகிறது, இப்போது காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். பள்ளியில் உண்மையைச் சொன்னோம். ஆறு மாதம் முடிந்து 'நோய் இல்லை' என்று சர்டிபிகேட் கொண்டு வந்தால்தான் உட்கார வைப்போம், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மற்ற பெற்றோர் பயப்படுகிறார்களாம். அவர்கள் சொல்வதும் நியாயம்தானோ என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மாமனாருக்கு ரொம்ப நாளாக இருமல் தொந்தரவு உண்டு, இவளிடமிருந்து அவருக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அதுவும் பயம். என்ன செய்வது?

பதில்:

அனுப்பலாம் அம்மா. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது, காய்ச்சல் நின்றுவிட்டது, குழந்தை ஓடியாடுகிறாள் என்றால் திங்கட்கிழமையே அனுப்பலாம். மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் வீட்டில் வைத்திருக்க மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் மருத்துவராக அரசு மருத்துவமனைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனால் 'டாக்டர் அனுப்பச் சொன்னார்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஹெச்.எம். அறையில் போய் நிற்க முடியாது. காரணம் தெரிந்தால்தான் அங்கே பேச முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இன்னொன்று, பள்ளி விஷயத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மாமனாரின் இருமல். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்பது குழந்தைகளுக்கு வரும் காசநோய்தான். டிபி என்று சொன்னால் வீட்டில் அழுகை கிளம்பும் என்று டாக்டர்கள் நாங்களே பல காலமாக இந்தப் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். கிருமி நுரையீரலுக்குள் போய் ஓர் இடத்தில் சின்னதாகப் புண் போடும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டி வீங்கும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

இப்போது பரவுவதைப் பார்ப்போம். காசநோய் காற்றில் பரவும் நோய்தான், அதில் மற்ற பெற்றோர் சொல்வது சரி. ஆனால் யாரிடமிருந்து பரவுகிறது? நுரையீரலில் குழி விழுந்த பெரியவர்களிடமிருந்து. அந்தக் குழிக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிக் கிடக்கும். அவர் பலமாக இருமும்போது அவை நுண்துளிகளாகக் காற்றில் கலந்து, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். எட்டு வயதுக் குழந்தையின் நுரையீரலில் பெரும்பாலும் அந்தக் குழியே விழுவதில்லை. கிருமிகளும் மிகக் குறைவு. இருமலில் பெரியவருக்கு இருக்கும் வேகமும் இருக்காது. வருகிற கொஞ்சநஞ்ச சளியையும் குழந்தை விழுங்கிவிடும்.

உங்கள் மகளுக்குப் பரிசோதனை செய்தபோது சளி எடுக்கக் கஷ்டப்பட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகளிடம் 'காறித் துப்பு கண்ணு' என்றால் எச்சில்தான் வரும். அதனால்தான் பல பிள்ளைகளுக்கு அதிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ராத்திரி முழுக்க விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அப்படி எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் கிருமி கண்ணில் படுவதில்லை. குழாய் விட்டுத் தேடினாலே கிடைக்காத கிருமி, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் எப்படிப் போய்ச் சேரும்? ஹெச்.எம்-இடம் இதைக் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், புரியும்படி கேளுங்கள்.

இதற்கு மேல் மாத்திரை வேறு இருக்கிறது. கூட்டு மருந்து வயிற்றுக்குள் போன முதல் சில நாட்களிலேயே வேகமாகப் பெருகும் கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும். மீதமிருக்கும் மந்தமான கிருமிகளைத் துடைத்தெடுக்கத்தான் ஆறு மாதம். ஆறு மாத மருந்து என்றால் ஆறு மாதமும் பரவும் என்று பள்ளியில் நினைக்கிறார்கள். அந்த ஆறு மாதம் நோய் திரும்பி வராமல் இருப்பதற்காக. பெரியவர்களுக்கே, அதுவும் சளியில் கிருமி இருந்தவர்களுக்கே, சரியான மருந்தில் இரண்டு வாரம் கழிந்தால் பொதுவாக வேலைக்குப் போகச் சொல்கிறோம். உங்கள் மகளுக்கு அந்த இரண்டு வாரமும் தாண்டிவிட்டது.

இந்த அறிவு எங்கிருந்தோ வந்த ஏட்டுச் சுரைக்காய் இல்லை. உலகத்துக்கே இதைச் சொல்லிக்கொடுத்தது சென்னைதான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் காசநோய் என்றால் ஊரை விட்டுத் தள்ளி வைப்பதுதான் வைத்தியம். மரமும் காற்றும் உள்ள இடம், படுக்கை, பால், முட்டை. டாக்டர் சவுரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டதுதான், இன்றைக்கும் அந்தப் பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. 1950-களில் நல்ல மருந்துகள் கைக்கு வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு எந்த நாட்டிலும் படுக்கை கிடையாது. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவிவிடாதா?

1956-இல் சென்னையில் இதற்காகவே ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் இருந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வுடன் இருந்தார்கள். மறு பாதியினர் தங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள்.

நமக்கு முக்கியமானது அடுத்தது. இரு தரப்பினரின் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியுடன் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தவர்களுக்கு, நோயாளி சானடோரியத்துக்குப் போய்விட்ட வீட்டுக்காரர்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஏனென்றால் பரவ வேண்டியது நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே, அவர் மருந்தில்லாமல் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தபோதே பரவி முடிந்துவிட்டது. மருந்து ஆரம்பித்ததும் அந்த வாசல் மூடிவிட்டது. ஒற்றை அறை வீட்டில் பெரியவர் ஒருவருக்கே இதுதான் நிலைமை என்றால், ஜன்னல் உள்ள வகுப்பறையில் உட்காரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதத் தடை எதற்கு? இந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டன. நம்மூரில் சில பள்ளி அலுவலக அறைகளில் மட்டும் இன்னும் மூடவில்லை என்பது எனக்கு வருத்தம்.

விதிவிலக்குகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் காசநோய் பெரியவர்களுக்கு வருவதுபோல வரத் தொடங்கும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சளியில் கிருமி தெரிந்தால் அவன் வகுப்பில் உட்காரக் கூடாது. மருந்து ஆரம்பித்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, பொதுவாக இரண்டு வாரமாவது, வீட்டில் இருக்க வேண்டும். அவனோடு படிப்பவர்களுக்கும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் கணக்கு வேறு, நாள் கூடும், அதை சிகிச்சை தரும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் பொருந்தாது.

எந்தத் தொற்றுநோயாக இருந்தாலும் பள்ளி பார்க்க வேண்டியது இரண்டுதான். அது எந்த வழியாகப் பரவும், எத்தனை நாள் பரவும். நோயின் பெயரைக் கேட்டுப் பதறுவதால்தான் எல்லாக் குழப்பமும். தட்டம்மை வந்தால் தடிப்பு போட்டதிலிருந்து நான்கு நாள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீங்கியதிலிருந்து ஐந்து நாள். மஞ்சள் காமாலையில் தண்ணீர் வழியாகப் பரவும் வகைக்கு, மஞ்சள் தெரிந்ததிலிருந்து ஒரு வாரம். கக்குவான் இருமலுக்கு மருந்து ஆரம்பித்து ஐந்து நாள். டெங்கு கொசுவால்தான் பரவும், பிள்ளைக்கு உடம்பு தேறினால் போதும். நான் மிகவும் கறாராக இருப்பது தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) விஷயத்தில். அது உயிரை வாங்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு தொண்டைப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வரும் வரை அந்தப் பிள்ளையை வகுப்பு வாசலில்கூட விட மாட்டேன். கூடப் படிப்பவர்களுக்கும் தடுப்பு மருந்தும் ஊசியும் உடனே வேண்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பள்ளியிலேயே போடும் டிடி (Td) ஊசியை 'டெட்டனஸ் ஊசிதானே' என்று அலட்சியமாக விடாதீர்கள், தொண்டை அடைப்பானுக்கும் அதுதான் காவல்.

சின்னம்மையை நினைத்தால் எனக்கு ஒரு விஷயம் தோன்றும். நம் வீடுகளில் அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். தெருவுக்கே தெரியும், இந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று. வருகிறவர்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள், இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு பிள்ளை பள்ளிக்குப் போகும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டினால் போதும் என்று மருத்துவம் சொல்வதைவிடச் சில நாள் கூடவே நம் வழக்கத்தில் இருக்கிறது. யாரும் வெட்கப்படுவதில்லை, யாரும் டிசி கேட்பதில்லை. ஆனால் சின்னம்மை வகுப்பறையில் காட்டுத்தீ போலப் பரவும் நோய். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும். அதற்கு இத்தனை மரியாதை. சின்னக் குழந்தையிடமிருந்து அனேகமாகப் பரவவே பரவாத காசநோய்க்குக் கதவைச் சாத்துகிறோம், அதனால் வீட்டார் மறைக்கிறார்கள், மறைப்பதால் மருந்து விட்டுப்போகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரிய சேதம் எல்லாம் இந்த மறைத்தலில் வந்ததுதான்.

அடுத்து, பள்ளி கொஞ்சம் இறங்கி வந்து, 'சரி வரட்டும், ஆனால் தனி பெஞ்ச், தனி டம்ளர், மதியம் தனியாகச் சாப்பிடட்டும்' என்று சொல்லலாம். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 'உள்ளே விட்டால் போதும்' என்று அந்த நேரத்தில் தோன்றும். அது தப்பு என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

இண்டியானா மாநிலத்தில் ரயன் ஒயிட் என்று ஒரு பையன். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்காக ஏற்றிய ரத்தப் பொருளிலிருந்து ஹெச்ஐவி தொற்றி, 1984 டிசம்பரில், பதின்மூன்று வயதில், எய்ட்ஸ் என்று தெரிந்தது. 1985-இல் அவன் பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. சுகாதாரத் துறை அவனால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று சொல்லியும், பெற்றோர் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள். வழக்கு நடந்து 1986-இல் திரும்பிப் போனான். எதிர்ப்பைத் தணிக்க அவன் குடும்பம் சில விட்டுக்கொடுத்தல்களுக்குச் சம்மதித்திருந்தது. தூக்கி எறியும் தட்டு, தனிக் கழிவறை, உடற்பயிற்சி வகுப்பு கிடையாது. எதிர்ப்பு தணியவில்லை. தட்டையும் கழிவறையையும் தினமும் பார்க்கும் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இவனிடம் ஏதோ ஆபத்து இருப்பதால்தானே இதெல்லாம் என்றுதான். 1987-இல் குடும்பம் சிசரோ என்ற வேறு ஊருக்குக் குடிபோனது. அங்கே பள்ளி திறக்கும் முன்னாலேயே மாணவர்களுக்கு எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே பிள்ளைகள் அவனிடம் கை குலுக்கினார்கள். அதே பையன், அதே நோய். அவன் 1990 ஏப்ரலில் இறக்கும் வரை அந்தப் பள்ளியின் மாணவனாகவே இருந்தான்.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 2003-இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த இரண்டு குழந்தைகளுக்கும் ஹெச்ஐவி என்று தெரிந்து, மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் அந்தக் குழந்தைகளைக் கட்டியணைத்து, தொட்டால் பரவாது என்று நாடறியக் காட்ட வேண்டியிருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்வதாலோ, டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிடுவதாலோ, கட்டிப் புரண்டு விளையாடுவதாலோ, கழிவறையாலோ, கொசுக் கடியாலோ ஹெச்ஐவி பரவாது. அடிபட்டு ரத்தம் வந்தால்? அப்போது எந்தப் பிள்ளையின் ரத்தமானாலும் கையுறை போட்டுக்கொண்டே துடைப்பதுதான் முறை. யாருக்கு என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டிய அவசியமே அதனால் இல்லாமல் போகிறது.

இதைப் படிக்கும் பெற்றோரில், ஹெச்ஐவி உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களும் இருக்கலாம். உங்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்ஐவி-எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஹெச்ஐவியைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதோ, நிறுத்துவதோ, தனியே நடத்துவதோ கூடாது. சேர்க்கைக்கு ஹெச்ஐவி பரிசோதனை கேட்கக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை அதைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே பள்ளியில் நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஹெச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும் நாள் பெரும்பாலும் பள்ளி நாளாக வரும், அன்றைக்கு 'மருத்துவமனைக்குப் போகிறோம்' என்று லீவ் லெட்டர் கொடுத்தால் போதும், எதற்கு என்று எழுத வேண்டாம்.

அம்மா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காசநோய்க்கு ஹெச்ஐவிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆறிலிருந்து பதினான்கு வயது வரை, பள்ளியில் சேர்ந்த குழந்தையை எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை வெளியேற்றக் கூடாது என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இந்தச் சட்டம் பொருந்தாது. எதுவானாலும் டிசி நீங்கள் கேட்டு வாங்குவது, அவர்கள் திணிப்பது அல்ல. கேட்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் சட்டத்தை முதலில் நீட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதே வகுப்பில் உங்கள் பிள்ளை இன்னும் வருடக்கணக்கில் படிக்க வேண்டும். முதலில் மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் இப்படித்தான் இருக்கும்: 'இக்குழந்தை என் சிகிச்சையில் இருக்கிறாள். இவளால் பிற மாணவர்களுக்கு நோய் பரவாது. இந்தத் தேதியிலிருந்து எல்லா வகுப்புகளிலும் விளையாட்டிலும் வழக்கம்போல் கலந்துகொள்ளலாம். தனியே உட்கார வைக்கத் தேவையில்லை.' நோயின் பெயர் அதில் இருக்காது. பள்ளிக்குத் தேவையானது நாலு வரிதான். அவர்கள் கேட்கும் 'நோய் இல்லை' சர்டிபிகேட்டுக்கு அர்த்தமே இல்லை. சிகிச்சை முடிந்த பிறகும் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரியலாம், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

உங்கள் பகுதி காசநோய்ப் பிரிவில் இருக்கும் சுகாதாரப் பணியாளரிடமும் சொல்லுங்கள். மாவட்டக் காசநோய் மையத்திலிருந்து ஒரு டாக்டர் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களிடம் கால் மணி நேரம் பேசினால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். நானே அப்படிப் பல முறை போயிருக்கிறேன். ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் ஓர் ஆசிரியை என்னிடம் தனியாக வந்து, 'மேடம், எனக்கு மூணு வாரமா இருமல் நிக்கல' என்றார். அவருக்குத்தான் சளியில் கிருமி இருந்தது. எந்தக் குழந்தையை அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்களோ, அந்தக் குழந்தையின் வகுப்பு ஆசிரியையே அவர். அவரும் மருந்து சாப்பிட்டுக் குணமாகி அதே பள்ளியில் பாடம் எடுத்தார். சின்னக் குழந்தைக்குக் காசநோய் என்றால், அதைச் சுற்றி எங்கோ ஒரு பெரியவர் மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு அக்கறை இருந்தால் ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர் என்று எல்லாரிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று பார்க்கட்டும்.

பேசியும் கேட்கவில்லை என்றால் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள். பல பள்ளிகள் எழுதித் தரத் தயங்கி அங்கேயே இறங்கி வரும். அப்புறமும் பிடிவாதம் பிடித்தால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098, காசநோய் பற்றிய சந்தேகத்துக்கு 1800116666 ஆகிய எண்களிலும் பேசலாம்.

வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இந்த மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். எங்கள் ஓபிக்கு நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு மாதமாக மாத்திரையை வாயில் வாங்கி, பின்பக்கம் போய்த் துப்பிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் பேசவே இல்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோதுதான் சொன்னாள். பள்ளிக் கழிவறையில் அவளுக்கு அடுத்து உள்ளே போன பெண் 'ரத்தம்' என்று கத்திவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்பாளாம். மாத்திரையின் நிறம் அது, சாயம் போவது மாதிரி, ஒன்றும் இல்லை என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னோம், அவளிடம் சொல்லவில்லை. அதிலிருந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகிக்கொண்டேன். உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், சின்ன டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரையவிட்டுக் கொடுங்கள். அடியில் தங்குவதையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வையுங்கள். மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள், எடை கூடினால் மாத்திரையின் அளவும் கூட்ட வேண்டும். தொடர்ந்து வாந்தி, கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது என்று எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். சத்துணவுக்காக அரசு தரும் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுப் பையனை இந்த வாரமே அதே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலாகக்கூட மாறும். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அவனுக்கு நோய் இல்லை என்று பார்த்த பிறகு, வராமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதுவும் இலவசம்தான்.

கடைசியாக உங்கள் மாமனார். பேத்தியிடமிருந்து அவருக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ரொம்ப நாள் இருமல், வீட்டில் சின்னக் குழந்தைக்குக் காசநோய் என்றால் முதலில் பரிசோதிக்க வேண்டியவர் அவர்தான். அது வெறும் ஆஸ்துமாவாகவோ பீடி இருமலாகவோகூட இருக்கலாம், இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், மகள் மாத்திரை சாப்பிடும் அதே வீட்டில் உங்கள் பையன் தினமும் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறான். அவர் மேல் பழி போடுவதுபோல் பேசிவிடாதீர்கள், 'வீட்டில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் மாமா' என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இன்றைக்கே போய் சளிக்கான டப்பா வாங்கி வந்துவிடுங்கள். நாளைக் காலை எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமாக நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி அந்த டப்பாவில் துப்பட்டும். எச்சிலாக இருந்தால் பயனில்லை, கெட்டியாக இருக்க வேண்டும். மூடியை இறுக்கி மூடி, மதியத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.